புக்கிட் ஜாலிலில் லேசர் அடித்த இரவு: மலேசியா, இந்தோனேசியா ஏன் இப்படி முட்டிக்கொள்கின்றன?

#1 கோல்கம்பம்
இன்று டிசம்பர் 26. பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே இரவு நான் புக்கிட் ஜாலில் அரங்கத்தின் மேல் அடுக்கில் இருந்தேன். தென்கிழக்காசிய நாடுகளின் காற்பந்துப் போட்டியான 2010 சுசூகி கிண்ணத்தின் இறுதி, இரண்டு ஆட்டத்தில் முதல் ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்தும் கோல் இல்லை. 53-ஆவது நிமிடம் வாக்கில் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு வெளியே நடந்தார்கள். கண்ணில் லேசர் அடிக்கிறார்கள் என்று புகார்.

புகார் பொய் இல்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு பையன், பதிமூன்று வயசு இருக்கும், பேனா அளவு பச்சை லேசரைக் கோல்கீப்பர் பக்கம் ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கச்சான் (வேர்க்கடலை) உரித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எட்டு நிமிடம் போல ஆட்டம் நின்றது. திரும்பி வந்தார்கள். 61-ல் சஃபி சாலி, 68-ல் அஷாரி, 73-ல் மறுபடி சஃபி. 3-0. தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

நேற்று என் மகன் அந்த ஆட்டத்தை யூடியூபில் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அவங்க பேசுறதும் நம்ம பள்ளிக்கூட மலாய் மாதிரியேதானே இருக்கு, அப்புறம் ஏன் இப்படி?" எனக்குச் சரியான பதில் வரவில்லை. உங்களுக்கு வருமா?

#2 சிலாங்கூர்மணி
லேசர், லேசர் என்று இன்னும் எத்தனை வருடம்? அதே டிசம்பர் 1-ஆம் தேதி ஜகார்த்தாவில் நம்மை 5-1 என்று துவைத்தார்கள். அப்போது நம் பையன்கள் கண்ணில் யார் என்ன அடித்தார்கள்? ஒன்றுமில்லை, நாம் மோசமாக ஆடினோம். நான்கு வாரத்தில் அதே அணியை நிமிர்த்தி இறுதிக்குக் கொண்டுவந்தவர் பயிற்சியாளர் ராஜகோபால். அதற்கு முந்தின வருடம்தான் லாவோஸ் சீ விளையாட்டில் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) இருபது வருடப் பஞ்சத்தைத் தீர்த்துத் தங்கம் வாங்கிக் கொடுத்திருந்தார். அதைப் பேசுவோமா?

#3 மேடான்காரன்
வணக்கம். நான் சுமத்ராவில் மேடான். அங்கே தமிழர்கள் வாழும் கம்போங் மெட்ராஸ் பக்கம். எங்கள் முன்னோர் டெலி புகையிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். எங்களுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடையாது. கோவில் வகுப்பில் எழுத்துப் படித்தேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

மணி அண்ணே, எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். மார்க்குஸ் எங்கள் கோல்கீப்பர். அவர் நடுவரிடம் போய்க் கண்ணைக் காட்டியது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிந்தது. அரையிறுதிக்கு வந்த வியட்நாமும் அதே அரங்கத்தில் அதே புகாரைச் சொன்னது. ஆகவே லேசர் எங்கள் கற்பனை இல்லை.

ஆனாலும் லேசரால் மட்டும் தோற்றோம் என்று நான் சொல்லமாட்டேன். இறுதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் அணியைக் கோல்கார் கட்சித் தலைவர் பக்ரி வீட்டுக்கு விருந்துக்கு அழைத்துப் போனார்கள். அப்புறம் ஒரு பிரார்த்தனைக் கூட்டம். பயிற்சி எப்போது? காற்பந்துச் சங்கத் தலைவர் நூர்டின் ஹாலிட் ஏற்கனவே ஊழல் வழக்கில் உள்ளே போய், சிறையிலிருந்தே சங்கத்தை நடத்தியவர். அந்த மாதம் எங்கள் ரசிகர்கள் மலேசியாவைத் திட்டிய அளவுக்கு அவரையும் திட்டினார்கள், "நூர்டின் தூருன்", இறங்கு இறங்கு என்று. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியாது.

#4 காரைக்குடிகண்ணன்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கால்பந்து எனக்கு அவ்வளவாகத் தெரியாது, கிரிக்கெட் ஆள். இது நம்ம இந்தியா–பாகிஸ்தான் மாதிரியா? அவர்களுக்குள் போர் ஏதும் நடந்திருக்கிறதா என்ன?

#5 பழையபேப்பர்
கண்ணன், போர் என்று பெயர் வைக்காத போர் ஒன்று நடந்தது. 1963 செப்டம்பர் 16-ல் மலாயாவோடு சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா உருவானது. இது பிரிட்டிஷ்காரன் வைத்த பொம்மை என்று இந்தோனேசிய அதிபர் சுகார்னோ சொன்னார். இரண்டே நாளில் ஜகார்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகம் எரிந்தது. "கன்யாங் மலேசியா" என்பது அவர் கொடுத்த கோஷம். கன்யாங் என்றால் பச்சையாகக் கடித்து மெல்வது. போர்னியோ எல்லைக் காட்டில் சண்டை, ஜோகூரில் இறங்கிய ஊடுருவல்காரர்கள் என்று 1966 ஆகஸ்டு வரை இழுத்தது. சுகார்னோ கை ஓய்ந்து சுகார்த்தோ வந்ததும் ஒப்பந்தம் போட்டு முடித்தார்கள்.

சுகார்னோ போய் அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது, அந்தக் கோஷம் போகவில்லை. இன்றைக்கும் ஜகார்த்தாவின் கெலோரா பூங் கர்னோ அரங்கத்தில் மலேசியா இறங்கினால் பதாகையில் அதுதான். அரங்கத்தின் பெயரே அவர் பெயர்தான், பூங் கர்னோ என்றால் சுகார்னோ அண்ணன்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இந்தப் பகை நேராக 1963-லிருந்து ஒழுகி வந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் நம்பவில்லை. 1979 சீ விளையாட்டு இறுதி ஜகார்த்தாவில் நடந்தது. மொக்தார் டஹாரி ஒரு கோல், நாம் ஜெயித்தோம். 1987-ல் அதே ஊர், அதே இறுதி. கூடுதல் நேரத்தில் ரிபுட் வாய்டி அடித்து அவர்கள் முதல் தங்கம் வாங்கினார்கள். சூடான ஆட்டங்கள்தான். ஆனால் ஆட்டக்காரர்களைக் கவச வண்டியில் ஏற்றவேண்டிய நிலைமை அப்போது இல்லை. அப்போது சுகார்த்தோ ஆட்சி. ஆசியான் நட்பைக் கெடுக்கிற மாதிரி தெருவில் யாரும் கத்த முடியாது, பத்திரிகையும் எழுதாது.

1998-ல் சுகார்த்தோ இறங்கியதும் அந்த மூடி திறந்தது. அதற்குப் பிறகு வரிசையாக வந்தவை: 2002-ல் சிப்பாடான், லிகித்தான் தீவுகள் மலேசியாவுக்கு என்று ஹேக் நீதிமன்றம் தீர்ப்பு. 2004-ல் கோலாலம்பூரில் ஒரு பணிப்பெண்ணை இஸ்திரிப் பெட்டியால் சுட்ட படம் அங்கே எல்லாப் பத்திரிகையிலும். 2005-ல் அம்பலாட் கடல் எண்ணெய்த் தகராறு. 2007-ல் "ராசா சாயாங்" பாட்டு யாருடையது என்ற சண்டை. 2009-ல் மலேசியா பற்றிய தொலைக்காட்சி விளம்பரத்தில் பாலித் தீவின் பெண்டெட் நடனம் வந்துவிட்டது. தவறு மலேசிய அரசாங்கத்தினுடையது இல்லை, தயாரித்த தொலைக்காட்சிக்காரர்களுடையது. யார் கேட்டார்கள்? அதே வருடம் பணிப்பெண் அனுப்புவதை ஜகார்த்தா நிறுத்தியது. "மாலிங்சியா", அதாவது திருட்டுசியா, என்ற பட்டப்பெயர் நிலைத்தது.

2010 ஆகஸ்டில் கடலில் அவர்கள் நம் மீனவர்கள் ஏழு பேரைப் பிடிக்க, மூன்று இந்தோனேசிய அதிகாரிகளை நம் கடல் போலீஸ் பிடிக்க, ஜகார்த்தாவில் நம் தூதரகத்தின்மேல் மலத்தை வீசினார்கள். நான்கு மாதத்தில் கோல்கம்பம் சொல்லும் அந்த இறுதி ஆட்டம். அது காற்பந்து ஆட்டமாக மட்டும் எப்படி இருந்திருக்கும்?

(நம் தேசிய கீதம் "நெகாராக்கூ" மெட்டுகூட "தெராங் பூலான்" என்ற அவர்கள் பாட்டிலிருந்து எடுத்தது என்பார்கள். மெட்டு பேராக் மாநில கீதத்தினுடையது. அதைச் சொன்னால் இன்னொரு இழை தேவைப்படும்.)

#6 நெறியாளர்
ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். இந்தோனேசியர்களை நான்கெழுத்தில் சுருக்கி அழைக்கும் அந்தச் சொல் இங்கே வேண்டாம். நமக்குச் சுருக்கம், அவர்களுக்கு அது வசவு. நம்மை ஒருவர் சுருக்கி அழைத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. மேடான்காரரும் இங்கேதான் இருக்கிறார்.

#7 செம்பனை
நான் ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தேன். 2010-ல் எங்கள் தோட்டத்து லயத்தில் தமிழ்க் குடும்பம் ஆறோ ஏழோதான் மிச்சம். மற்ற வீடுகளில் எல்லாம் இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்தவர்கள். என் தாத்தா பால் மரம் வெட்டப் போனபோது இருந்த அதே லயம், அதே தண்ணீர்க் குழாய். ஆள் மட்டும் மாறிவிட்டது.

டிசம்பர் 29, இரண்டாவது ஆட்டம், ஜகார்த்தாவில். தோட்டத்தில் பெரிய தொலைக்காட்சி ஒன்றுதான், கடையில் இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டம். ஏழரைக்கே கடை நிறைந்துவிட்டது. குலை வெட்டுகிற பையன்கள் நாற்பது ஐம்பது பேர், குளித்துத் தலைவாரி, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிற மாதிரி. மலேசியக் கட்சி மொத்தம் ஐந்து பேர். நான், கடைக்காரர், மண்டோர் (மேற்பார்வையாளர்), அவர் மகன், ஒரு டிரைவர்.

அங்கே இவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். அதுதான் எனக்கு மறக்காதது. பெர்மிட் தோட்டத்து அலுவலகத்தில், பாஸ்போர்ட் அலுவலகப் பெட்டியில். அவர்கள் நாடு ஆடுகிறது, ஜகார்த்தாவில் எண்பதாயிரம் பேர் "கன்யாங்" என்று கத்துகிறார்கள், இங்கே ஐம்பது பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். 18-ஆவது நிமிடம் பெனால்டி. ஃபிர்மான் உத்தினா வந்து நின்றார். எனக்குப் பக்கத்தில் இருந்த லொம்போக் பையன், நாளெல்லாம் என்னோடு குலை எண்ணுகிறவன், என் தொடையைப் பிடித்துக்கொண்டான். என்னுடையது என்று தெரிந்து பிடித்தானா, நாற்காலி என்று நினைத்துப் பிடித்தானா தெரியாது. கைருல் ஃபஹ்மி பாய்ந்து பிடித்துவிட்டான். அந்தக் கோல்கீப்பருக்கு அப்போது வயது 21. கடையில் கைதட்டியது மண்டோரின் மகன் ஒருவன் மட்டும். அவனும் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்திவிட்டான்.

54-ல் சஃபி அடித்தான். அதோடு முடிந்தது, மொத்தக் கணக்கில் அவர்கள் நான்கு கோல் பின்னால். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. 72-ல் நசூஹா ஒன்று போட்டபோது முதல் முறையாக ஒரு சத்தம் வந்தது, கடைக் கூரையே எழும்பிவிட்டது. ரிட்வான் 87-ல் இன்னொன்று. ஆட்டம் 2-1 அவர்களுக்கு. கிண்ணம் 4-2 கணக்கில் நமக்கு, முதல் தடவையாக. ஜெயித்தும் தோற்ற முகம், தோற்றும் ஜெயித்த முகம் இரண்டையும் ஒரே கடையில் அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் பிரதமர் நஜீப் 31-ஆம் தேதி பொது விடுமுறை என்று அறிவித்தார். தோட்டத்தில் எல்லோருக்கும் விடுமுறை, அவர்களுக்கும்தான். லொம்போக் பையன் காலையில் வந்து சொன்னான்: "துவான் (ஐயா), நாங்கள் தோற்றதற்குச் சம்பளத்தோடு லீவு தருகிற ஒரே நாடு உங்களுடையது."

#8 சிலாங்கூர்மணி
செம்பனை அண்ணே, இதைப் படித்துவிட்டு நான் லேசரைப் பற்றி எழுதியதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

#9 ஜூரோங்வாசி
2021-ஐ ஏன் யாரும் தொடவில்லை? எங்கள் சிங்கப்பூரில் வந்து இந்தோனேசியாவிடம் 4-1 வாங்கிக்கொண்டு போனீர்கள். நான் அரங்கத்தில் இருந்தேன். கோகிலேஸ்வரன் முதலில் கோல் போட்டதும் எழுந்து நின்றவர்கள் அடுத்த முக்கால் மணி நேரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். 🙂

#10 கோல்கம்பம்
ஜூரோங், உங்கள் நக்கல் இருக்கட்டும். 2011-ஐச் சொல்லுங்கள் யாராவது. சீ விளையாட்டு இறுதி, நவம்பர் 21, மறுபடி கெலோரா பூங் கர்னோ. "நெகாராக்கூ" பாடும்போது அரங்கமே ஊளையிட்டது. நம் பையன்களைக் கவச வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். 23 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள்! 1-1 ஆகி, பெனால்டியில் 4-3, பட்ரோல் கடைசியை அடித்து முடித்தான்.

#11 மேடான்காரன்
அண்ணே, அன்று அரங்கத்துக்கு வெளியே நெரிசலில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பேரும் எங்கள் ரசிகர்கள். சீட்டு இல்லாதவர்களும் இருந்தவர்களும் ஒரே வாசலில் முட்டினார்கள். உங்கள் பையன்களுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கோபம் யார்மேல் என்று கத்தினோமோ அவர்கள் பத்திரமாகப் போனார்கள். செத்தது எங்கள் ஆட்கள். நான் 2011 என்றால் இதைத்தான் நினைப்பேன், பெனால்டியை இல்லை.

#12 கோல்கம்பம்
சரி. இது எனக்கு மறந்தே போயிருந்தது. கவச வண்டி மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது.

#13 பழையபேப்பர்
2019-ல் கீறலும் விழுந்தது. செப்டம்பர் 5, உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று, ஜகார்த்தா. நம் ஆட்கள் இருந்த பகுதிக்குள் புகுந்து எறிந்தார்கள், இரண்டாம் பாதியில் ஆட்டம் நின்றது. நம் இளைஞர் விளையாட்டு அமைச்சர் சைட் சாடிக் அரங்கத்தில்தான் இருந்தார். அவர்கள் இருமுறை முந்தியும் சுமாரே காயத்துக்கான நேரத்தில் அடித்து 3-2. ஆட்டம் முடிந்தும் நம் ரசிகர்கள் வெகுநேரம் வெளியே வர முடியவில்லை. பிறகு அவர்கள் அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். நவம்பரில் இங்கே 2-0, சஃபாவி இரண்டு. அந்த முறை கோலாலம்பூரில் இந்தோனேசிய ரசிகர்களை அடித்த காணொளி சுற்றியது, அதையும் மறைக்கவேண்டாம்.

#14 சிலாங்கூர்மணி
2017-ஐ விட்டுவிட்டீர்கள். சீ விளையாட்டு நம் வீட்டில். விருந்தினர் கையேட்டில் அவர்கள் கொடியைத் தலைகீழாக அச்சடித்து வைத்தோம். சிவப்பு வெள்ளையைத் திருப்பினால் போலந்து. நம் விளையாட்டு அமைச்சர் கைரி நேரில் மன்னிப்புக் கேட்டார். ஒரு வாரத்தில் ஷா ஆலமில் அரையிறுதி, அவர்களோடுதான். கடைசி நிமிடங்களில் தனபாலன் தலையால் முட்டி 1-0. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கொடியைத் தலைகீழாக்கியதும் நாம், வீட்டுக்கு அனுப்பியதும் நாம். கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் குதித்தேன்.

#15 லயத்துப்பொண்ணு
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். ஒன்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாட்டுத் தலைவர்களும் சமாதானம் பேசும்போதெல்லாம் வாயில் வரும் சொல் "செரும்புன்". ஒரே தூரில் வெடித்த மூங்கில் மாதிரி, ஒரே வேர், ஒரே இனம். கோல்கம்பம் மகன் கேட்ட கேள்விக்கு அதுதான் பாதிப் பதில். வேறு மொழி, வேறு சாப்பாடு என்றால் இவ்வளவு ரோஷம் வராது. பாத்தேக் யாருடையது, ரெண்டாங் யாருடையது, நடனம் யாருடையது என்று அடித்துக்கொள்வது பங்காளிச் சண்டை. பக்கத்து வீட்டுக்காரனோடு வரப்புத் தகராறு எப்படி வரும் என்று ஊரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வழக்கு நடக்கும், கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள்.

அந்தத் தூரில் நாம் இல்லை. யாரும் நம்மைச் செரும்புன் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் பாருங்கள். அந்தப் பங்காளிச் சண்டையில் மலேசியாவுக்கு முதல் ஆசியான் கிண்ணம் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் கிருஷ்ணசாமி ராஜகோபால். அந்த அணியில் குணாளனும் இருந்தார். 2017-ல் முட்டியது தனபாலன். 2021-ல் தோற்ற ஆட்டத்தில் அந்த ஒரே கோல் கோகிலேஸ்வரன் ராஜ். அதற்கு முன்னால் எழுபதுகளில் கோல் கம்பத்துக்கு நடுவே "ஸ்பைடர்மேன்" ஆறுமுகம் நின்றார். கேப்டனாக எம். சந்திரன்.

என் அப்பாவுக்கு மலேசியா–இந்தோனேசியா ஆட்டம் என்றால் வேறு எந்த ஆட்டத்தையும்விட முக்கியம். இப்போதுதான் ஏன் என்று புரிகிறது. "நீ எங்கிருந்து வந்தாய்" என்று அவரைக் கேட்கிறவர்கள் அந்தத் தொண்ணூறு நிமிடம் கேட்கமாட்டார்கள். எதிரி வேறு பக்கம் இருப்பான். இதை நான் பெருமையாகச் சொல்கிறேனா, வருத்தமாகவா என்று என்னைக் கேட்காதீர்கள்.

#16 காரைக்குடிகண்ணன்
இதை நான் எதிர்பார்க்கவில்லை அக்கா. போர் இருந்ததா என்று கேட்டது சிறுபிள்ளைத்தனமாகப் போய்விட்டது.

#17 சிலாங்கூர்மணி
அக்கா சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி: ராஜகோபாலை 2010-ல் தோளில் தூக்கிய அதே கூட்டம், இரண்டு வருடத்தில் தோற்க ஆரம்பித்ததும் போகச் சொல்லிக் கத்தியது. அது இனம் பார்த்து வந்தது இல்லை, எந்தப் பயிற்சியாளருக்கும் நடப்பதுதான். அந்த அளவுக்கு அவரை மற்றவர்களைப்போலவே நடத்தினார்கள், அதையும் கணக்கில் சேருங்கள்.

#18 லயத்துப்பொண்ணு
சரி, சேர்த்துக்கொண்டேன். திட்டுவதில் சமத்துவம்.

#19 மேடான்காரன்
அக்கா, எங்கள் பக்கம் தமிழன் தேசிய அணியில் ஆடி நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் அணியின் பெயர் கருடா. மேடான் மாரியம்மன் கோவிலுக்கு வருகிற என் பாட்டிக்கு அதுவே போதும். பெருமாள் வாகனம் ஜெயிக்கவேண்டும் என்பார். மலேசிய அணியின் புலி ஐயப்பனுடையதாச்சே என்று நான் சொன்னால் திட்டுவார்.

இப்போது எங்கள் பையன்கள் உங்களைக் கேலி செய்வது வேறு விஷயத்துக்கு. ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காகிதம் கொடுத்து, ஃபீஃபா அது போலி என்று செப்டம்பரில் தண்டனை போட்டதே. பிறந்தது அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து என்று வந்ததும் இங்கே "மாலிங்சியா" மறுபடி கிளம்பிவிட்டது. நடனம் திருடினார்கள், பாட்டைத் திருடினார்கள், இப்போது தாத்தாவையும் என்று.

#20 செம்பனை
அடடா. 🙂 ஆனால் தம்பி, உங்கள் அணியில் பாதிப் பேர் ரோட்டர்டாம் பக்கம் பிறந்தவர்கள்தானே?

#21 மேடான்காரன்
அவர்கள் பாட்டி நிஜப் பாட்டி அண்ணே.

#22 ஜூரோங்வாசி
இந்த இழையிலேயே சிறந்த கோல் இதுதான்.

#23 பழையபேப்பர்
ஒத்துக்கொள்கிறேன். காகித விஷயத்தில் பதில் சொல்ல நமக்கு வாய் இல்லை. கிளாந்தானிலும் ஜோகூரிலும் உள்ளூரில் ஆடுகிற பையன்களுக்குத்தான் அது துரோகம்.

செம்பனை, அந்த லொம்போக் பையன் இப்போது?

#24 செம்பனை
2014-ல் ஊருக்குப் போய்விட்டான். சேர்த்த பணத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாட்ஸப்பில் செய்தி வரும். நாங்கள் ஜெயித்தால் நான் அனுப்பவேண்டும், அவர்கள் ஜெயித்தால் அவன். 2019-ல் இரண்டு தடவை நான். 2021-ல் "4-1 துவான், லீவு உண்டா?" என்று கேட்டான்.

#25 கோல்கம்பம்
தொடங்கியவன் என்ற முறையில் ஒரு திருத்தம் போடவேண்டும். முதல் பதிவில் இரண்டு வரிசை முன்னால் ஒரு பையன், பக்கத்தில் அவன் அப்பா கச்சான் உரித்தார் என்று எழுதினேன். முன்னால் இல்லை, என் பக்கத்து இருக்கை. பையன் என் அண்ணன் மகன். லேசர் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) பத்து வெள்ளிக்கு நான் வாங்கிக் கொடுத்தது. கச்சான் உரித்தது நான்.

#26 மேடான்காரன்
அது மார்க்குஸ்மேல் பட்டதா அண்ணே?

#27 கோல்கம்பம்
மேல் அடுக்கு, அவ்வளவு தூரம். பட்டிருக்காது என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.